பாட்டு கேட்கத் தனிக் கருவி வேண்டுமா?

செல்போனிலேயே பாட்டு கேட்டால் போதுமா, அதற்கென்று ஒரு மியூசிக் பிளேயர் வாங்க வேண்டுமா? வாசகர்களின் கேள்விகளுக்கு ஒலித் துறை நிபுணர் பதில் தருகிறார்.

என்னிடம் 20,000 ரூபாய் போன் இருக்கிறது. நண்பர் ஒருவர் 35,000 ரூபாய்க்கு மியூசிக் பிளேயர் வாங்கிவிட்டு, "இதில் கேட்டால்தான் பாட்டு" என்கிறார். கொடுக்கிற பணத்துக்குத் தகுந்த வித்தியாசம் ஒலியில் இருக்குமா?
— வாசகர், கோயம்புத்தூர்

இருக்காது. ஒலி மட்டும்தான் உங்கள் கவலை என்றால், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல ஹெட்ஃபோனுக்குச் செலவிட்டு மீதியை வங்கியில் போடுங்கள்.

காரணம் சொல்கிறேன். போனில் இருக்கும் பாட்டு வெறும் எண்களின் வரிசை. அதை மின் அலையாக மாற்றுவது டேக் என்கிற சிப். அந்த அலைக்கு வலுக் கொடுப்பது ஆம்ப்ளிஃபயர். வலுப்பெற்ற அலையை வாங்கிக் காற்றை அதிர வைப்பது ஹெட்ஃபோன். இந்த மூன்றில் முதல் இரண்டும் இப்போது மிக மலிவாகவும் மிகத் தரமாகவும் கிடைக்கின்றன. ஹெட்ஃபோன் துளை இல்லாத போன்களுக்காக ஆப்பிள் விற்கும் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விரல் நீள ஒயருக்குள் டேக், ஆம்ப்ளிஃபயர் இரண்டுமே அடக்கம். அமெரிக்காவில் அதன் விலை 9 டாலர். அளந்து பார்த்தால், அதன் இரைச்சலும் சிதைவும் சாதாரணமாகப் பாட்டு கேட்கும்போது காதுக்கு எட்டாத அளவில்தான் இருக்கின்றன.

ஹெட்ஃபோன் கதை வேறு. ஒரே விலையில் இரண்டு ஹெட்ஃபோன்களை எடுத்தால், ஒன்றில் மிருதங்கத்தின் தொப்பி அதிரும், இன்னொன்றில் அது காணாமலே போகும். அடித்தொனியிலும் உச்சத்தொனியிலும் 5 முதல் 10 டெசிபல் வரை வேறுபாடு இருப்பது சகஜம். விலை கூடினால் தரம் கூடும் என்றும் நினைக்க வேண்டாம். ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை ஒப்பிட்டு 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஹெட்ஃபோன் எந்தத் தொனியை எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் அவர் கண்டது. அதனால் விலைச்சீட்டைப் பார்த்து வாங்காமல், காதில் மாட்டி, நன்றாகப் பழகிய நான்கு பாட்டுகளைக் கேட்டு வாங்குங்கள்.

நண்பரின் கருவியை உங்கள் போனோடு ஒப்பிட ஆசை இருந்தால், ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே, அதில் "தெளிவு அதிகம்" என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். எது எந்தக் கருவி என்று தெரியாதபடி வேறொருவர் மாற்றி மாற்றிக் கொடுக்க, ஒரே ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

ஆனாலும் உங்கள் நண்பர் உணர்ந்தது பொய்யல்ல. அவருடைய பிளேயரில் அழைப்பு வராது, வாட்ஸ்அப் மணி அடிக்காது. ஒரு ஆல்பத்தைப் போட்டால் கடைசிப் பாட்டு வரை எதுவும் குறுக்கிடாது. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வயலின்கள் எழும்பும் இடத்தை அவர் முழுசாகக் கேட்கிறார். போனில் கேட்கும் நமக்கு அந்த இடத்தில் ஏதோ ஒரு செய்தி வந்து விழுகிறது. தனிக் கருவியின் உண்மையான பயன் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்காக வாங்கினால் பணம் வீணாகாது. ஆனால் அதற்கு 35,000 ரூபாய் தேவையில்லை.

நான் ப்ளூடூத் இயர்பட்ஸ்தான் பயன்படுத்துகிறேன். பிளேயர் வாங்கினால் ஒலி மேம்படுமா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

மேம்படாது, தம்பி. ப்ளூடூத்தில் கேட்கும்போது டேக்கும் ஆம்ப்ளிஃபயரும் உங்கள் இயர்பட்ஸுக்குள்தான் இருக்கின்றன. விலை உயர்ந்த பிளேயருக்குள் இருக்கும் சிறப்பான சிப் அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். போனும் பிளேயரும் செய்வது, பாட்டைச் சுருக்கி காற்றில் அனுப்புவது மட்டுமே.

எந்த முறையில் சுருக்குகிறது என்பதில் கொஞ்சம் வேறுபாடு உண்டு. சோனி உருவாக்கிய எல்டேக் முறை நொடிக்கு அதிகபட்சம் 990 கிலோபிட் அனுப்பும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் இயர்பட்ஸிலும் இருந்தால் செட்டிங்ஸில் போய் அதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் எல்டேக் இல்லை. அங்கே ஏஏசி முறை நன்றாகவே வேலை செய்கிறது. இதைவிட முக்கியம் காதுக்குள் வைக்கும் ரப்பர் முனை. பெட்டியில் மூன்று அளவுகள் கொடுத்திருப்பார்கள். காது ஓட்டையை நன்றாக அடைக்கும் அளவைப் போடாவிட்டால், அடித்தொனி முழுவதும் வெளியே கசிந்துவிடும். செலவே இல்லாமல் ஒலியை மாற்றும் வழி இது.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், ஹை-ரெஸ் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். சிடியைவிட அது உசத்தியா? பழைய தமிழ்ப் பாட்டுகளை அதில் கேட்டால் புதிதாக ஏதாவது கேட்குமா?
— வாசகர், மதுரை

1982இல் சிடி விற்பனைக்கு வந்தபோது நிர்ணயித்த அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். இந்த இரண்டு எண்களும் காரணத்தோடு வந்தவை. நொடிக்கு 44,100 முறை அலையை அளந்தால் 22,050 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை முழுமையாகத் திரும்ப உருவாக்கலாம். நல்ல இளம் காதுக்கே 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். வயது ஏற ஏற அந்த எல்லை இறங்கிக்கொண்டே வரும். 16 பிட் என்பது மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி தரும். வீட்டில் கேட்கும் இசைக்கு அது தாராளம்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் நடத்திய சோதனையின் முடிவு 2007இல் வெளியானது. ஹை-ரெஸ் ஒலியை அப்படியே ஒரு முறையும், சிடி தரத்துக்கு இறக்கி ஒரு முறையும் போட்டார்கள். 554 முறை கேட்டுச் சொன்னதில் 276 முறைதான் சரியான பதில் வந்தது. நாணயத்தைச் சுண்டி விட்டுச் சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ இதே எண்தான் கிடைத்திருக்கும். லண்டனைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட கட்டுரையில் சரியான பதில்கள் சுமார் 52 சதவீதம். பயிற்சி பெற்றவர்களிடம் அது இன்னும் கூடியது. ஆக, வித்தியாசம் முற்றிலும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சாதாரண ரசிகர் அதற்காகப் பணம் கொட்ட வேண்டியதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் 24 பிட் தேவை, ஏனென்றால் அங்கே பல தடங்களைக் கலந்து, சத்தத்தை ஏற்றி இறக்கி வேலை செய்கிறார்கள். கேட்பவருக்கு அந்தத் தேவை இல்லை.

பழைய பாட்டுகள் விஷயத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தியாகராஜ பாகவதர் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பயனுள்ள ஒலி மிகக் குறைவு. அதை 192 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் அதிகம் கிடைப்பது தட்டின் கரகரப்புத்தான். 1970, 80களின் டேப் பதிவுகள் அதைவிட வளமானவை. அவற்றுக்கும் சிடி தரம் போதும்.

எந்தப் பிரதியைக் கேட்கிறீர்கள் என்பதுதான் அங்கே கவனிக்க வேண்டியது. ஒரே பாட்டுக்குப் பல பிரதிகள் சுற்றுகின்றன. சிலவற்றில் எதிரொலி சேர்த்து, தாழ்ந்த சத்தங்களையெல்லாம் தூக்கி ஒரே மட்டத்தில் நிறுத்தியிருப்பார்கள். பாடகர் மெல்ல இழைத்த இடமும் உச்சத்தில் பாடிய இடமும் ஒரே சத்தத்தில் வரும். அந்தப் பாட்டின் உயிர் அங்கேயே போய்விடும். எந்தப் பிளேயரும் அதை மீட்டுத் தராது. மூல டேப்பிலிருந்து கவனமாக எடுத்த ஒரு பழைய சிடி, மெருகேற்றியதாகச் சொல்லும் புது ஃபைலைவிடப் பலமுறை மேலானது. வீட்டில் பழைய சிடிகள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கணினியில் ஏற்றி ஃபிளாக் ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாக் சுருக்கும், ஆனால் ஒரு எண்ணைக்கூட இழக்காது.

அப்படியானால் ஒலிக்காகவே தனிப் பிளேயர் வாங்க வேண்டிய தேவை யாருக்குமே இல்லையா?
— வாசகர், சேலம்

சிலருக்கு இருக்கிறது. முதலாவது, அதிக இம்பீடன்ஸ், அதாவது மின்தடை, உள்ள பெரிய ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்கள். சென்ஹைசர் எச்டி 600 என்ற புகழ்பெற்ற ஹெட்ஃபோன் 300 ஓம். சாதாரண டாங்கிள் கொடுக்கும் ஒரு வோல்ட்டில் அது ஒலிக்கும். ஆனால் மெதுவாகப் பதிவான கச்சேரியில் சத்தத்தை முழுக்க ஏற்றினாலும் போதாமல் போகலாம். 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு துளை உள்ள பிளேயர்கள் பல மடங்கு வோல்ட் தரும்.

இரண்டாவது, இன்-இயர் மானிட்டர் என்ற மிகவும் நுண்ணுணர்வுள்ள இயர்ஃபோன் வைத்திருப்பவர்கள். பாட்டு தொடங்கும் முன்பே "ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சல் கேட்டால், கருவியின் ஆம்ப்ளிஃபயர் அதற்குப் பொருந்தவில்லை. இதில் ஒரு எளிய விதி உண்டு: ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ், கருவியின் அவுட்புட் இம்பீடன்ஸைப் போல் குறைந்தது 8 மடங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில தொனிகள் கூடியும் சில குறைந்தும் ஒலிக்கும். 16 ஓம் இயர்ஃபோனுக்கு 2 ஓம் அல்லது அதற்குக் கீழே தேடுங்கள்.

இந்த இரண்டு சிக்கல்களுக்கும் சில ஆயிரம் ரூபாய் டாங்கிளிலேயே தீர்வு கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆப்பிளின் டாங்கிளைச் சில ஆண்ட்ராய்டு போன்களில் போட்டால் சத்தம் மிகக் குறைவாக வரும். அந்தப் போன் வைத்திருப்பவர்கள் வேறு நிறுவன டாங்கிள் வாங்கலாம். ஆண்ட்ராய்டு போன்கள் வழக்கமாக எல்லா ஒலியையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும் என்று ஒரு குறை சொல்வார்கள். அந்த மாற்றம் காதுக்குத் தெரிவது அரிது. ஆண்ட்ராய்டு 14 முதல், யூஎஸ்பி வழியாக மாற்றமில்லாமல் அனுப்பும் வசதியும் சேர்ந்திருக்கிறது. அதைப் போனும் ஆப்பும் ஆதரிக்க வேண்டும்.

மகள் 12ஆம் வகுப்புப் படிக்கிறாள். பாட்டு கேட்டுக்கொண்டே படித்தால் மனசு நிலைக்கிறது என்கிறாள். போனைக் கொடுத்தால் ரீல்ஸில் போய் நிற்கிறாள். பாட்டு மட்டும் பாடும் கருவி இன்னும் கிடைக்கிறதா?
— ஒரு தாய், தஞ்சாவூர்

கிடைக்கிறதம்மா. தனிப் பிளேயர் வாங்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. விலை உயர்ந்த பிளேயர்கள் பலவும் ஆண்ட்ராய்டில் இயங்குபவை. சோனியின் இன்றைய வாக்மேன்களும் அப்படித்தான். வைஃபை இருந்தால் அவற்றில் யூடியூபும் வரும், இன்ஸ்டாகிராமும் வரும். சிம் இல்லாத போன் என்றே சொல்லலாம். உங்கள் தேவைக்கு ஆண்ட்ராய்டு இல்லாத எளிய பிளேயரே சரி. ஃபியோ நிறுவனத்தின் ஸ்னோஸ்கை எக்கோ மினி, ஷான்லிங் எம்0 ப்ரோ போன்றவை மெமரி கார்டில் இருக்கும் பாட்டைப் பாடும், அவ்வளவுதான்.

ஆனால் ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்பில் டவுன்லோடு செய்து வைத்த பாட்டுகள் இவற்றில் பாடாது. அவை அந்த ஆப்புக்குள் மட்டும் திறக்கும். பாட்டு உங்களிடம் ஃபைலாக இருக்க வேண்டும். சொந்த சிடியிலிருந்து எடுக்கலாம். பேண்ட்கேம்ப் தளத்திலோ, ஐடியூன்ஸ் ஸ்டோரிலோ விலைக்கு வாங்கலாம். ஐடியூன்ஸில் வாங்கும் பாட்டு 256 கேபிபிஎஸ் ஏஏசி ஃபைலாக, பூட்டு எதுவும் இல்லாமல் கைக்கு வரும். மகளையே உட்கார வைத்து 100 பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எது தனக்கு உண்மையிலேயே பிடிக்கும் என்று யோசிக்க அது ஒரு நல்ல வாய்ப்பு. பாடம் வாசிக்கும்போது பாட்டின் வரிகள் புத்தகத்தின் வரிகளோடு போட்டிபோடும். அந்த நேரத்துக்கு வீணை, புல்லாங்குழல் போன்ற வாத்திய இசையைத் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

சத்தத்தின் அளவையும் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். மகளின் இயர்ஃபோன் பாட்டு பக்கத்தில் இருக்கும் உங்களுக்குத் தெளிவாகக் கேட்டால், அது அதிகம். உள்காதின் மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை.

அப்பாவுக்கு 74 வயது. 80களில் சபாக்களில் பதிவு செய்த கச்சேரிக் கேசட்டுகள் இரண்டு பெட்டி நிறைய வைத்திருக்கிறார். டேப் ரெக்கார்டர் பழுது. தொடுதிரை அவருக்குப் பிடிபடவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகி, ஸ்ரீரங்கம்

கருவியைப் பிறகு பார்ப்போம், முதலில் கேசட்டுகளைக் காப்பாற்றுங்கள். கடையில் கிடைக்கும் எந்த ஆல்பத்திலும் இல்லாத கச்சேரிகள் அந்தப் பெட்டிகளில் இருக்கக்கூடும். காந்த நாடாவுக்கு ஆயுள் உண்டு, அந்த நாடாக்கள் 40 ஆண்டைத் தொட்டுவிட்டன. 120 நிமிடக் கேசட்டுகள் மிக மெல்லியவை. அவற்றை வேகமாகச் சுற்றாதீர்கள்.

பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரிடம் நல்ல டெக் ஒன்றைச் சரிசெய்து வாங்குங்கள். நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைக்கச் சொல்லுங்கள். ஹெட்டின் கோணம், அதாவது அசிமுத், கேசட் பதிவான கருவியின் கோணத்தோடு பொருந்தாவிட்டால் பாட்டு மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகைத் திருப்பித் திருப்பி, தம்புராவின் இழை எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். பிறகு லைன்-அவுட்டிலிருந்து யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினியில் 24 பிட்டில் பதிந்து, ஃபிளாக்காகச் சேமியுங்கள். பதியும்போதே அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாடியவர், பக்கவாத்தியம், ராகம், எந்த சபா, எந்த ஆண்டு என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அந்த விவரம் நாடாவில் இல்லை, அவர் நினைவில்தான் இருக்கிறது. பிரதிகளை இரண்டு இடத்தில் வையுங்கள்.

கேட்பதற்கு, சரிகமா நிறுவனம் 2017 முதல் விற்கும் கார்வானின் தமிழ்ப் பதிப்பைப் பாருங்கள். 5,000 பழைய பாட்டுகள் உள்ளேயே இருக்கும். பெரிய திருகு, பெரிய பொத்தான்கள். யூஎஸ்பி துளையில் பென்டிரைவ் செருகி உங்கள் கச்சேரிகளையும் போடலாம். இயர்ஃபோனில் தனியாகக் கேட்க விரும்பினால், பொத்தான்கள் உள்ள சிறு பிளேயர் வாங்குங்கள். அதில் கேப்லெஸ் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ராகம், தானம், பல்லவி என்று ஒரே கச்சேரியைப் பல ஃபைல்களாகப் பிரித்திருந்தால், அந்த வசதி இல்லாத கருவி ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நொடி நின்று போகும். கச்சேரி கேட்பவருக்கு அது பெரிய இடைஞ்சல்.

அலமாரியில் பழைய ஐபாட் கிளாசிக் கிடக்கிறது. அதை உயிர்ப்பிக்கலாமா?
— வாசகர், புதுச்சேரி

தாராளமாக. முதல் ஐபாட் 2001 அக்டோபர் 23 அன்று அறிமுகமானது. 5 ஜிபி, 1,000 பாட்டுகள். கிளாசிக் விற்பனை 2014இல் நின்றது. கடைசியாக எஞ்சியிருந்த ஐபாட் டச்சையும் இருப்பு உள்ளவரைதான் விற்போம் என்று ஆப்பிள் 2022 மே 10 அன்று அறிவித்துவிட்டது. ஆனால் கிளாசிக்கைத் திறந்து பழுதுபார்க்கலாம். உள்ளே சுழலும் 1.8 அங்குல ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, மெமரி கார்டு பொருத்தும் அடாப்டர் போடுகிறார்கள். எடை குறையும், பேட்டரியும் நீண்ட நேரம் தாங்கும். ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் ஃபிளாக் ஃபைலும் பாடும். ஆனால் சார்ஜ் போடுவதற்கு முன் உடலைப் பாருங்கள். எங்காவது உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். சார்ஜ் போடாமல் நேராகப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

பிளேயர் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். கடையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
— வாசகர், சென்னை

முதலில், தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். சில சிறு பிளேயர்களில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும், அல்லது வெறும் கட்டம் கட்டமாக வரும். தமிழில் பெயரிட்ட பத்துப் பாட்டுகளை ஒரு கார்டில் போட்டு எடுத்துப்போய் அங்கேயே செருகிப் பாருங்கள்.

இரண்டாவது, மெமரி கார்டு. சிடி தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஃபிளாக்காக ஏறத்தாழ 30 எம்பி வரும்; 64 ஜிபி கார்டில் சுமார் 2,000 பாட்டுகள் கொள்ளும். போலிக் கார்டுகள் நிறையப் புழங்குகின்றன. 256 என்று அச்சிட்டு உள்ளே 16 வைத்திருப்பார்கள். வாங்கியதும் கணினியில் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள்.

மூன்றாவது, உத்தரவாதம். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரி சேரும். பழுதானால் திருப்பி அனுப்பவும் வழி இருக்காது. உள்நாட்டு உத்தரவாதம் எழுத்தில் இருக்கட்டும். நான்காவது, ஆண்ட்ராய்டு பிளேயர் என்றால் அதன் பதிப்பைக் கேளுங்கள். பழைய பதிப்பாக இருந்தால் சில ஆண்டுகளில் ஆப்புகள் அதில் இயங்க மறுக்கும். கார்டிலிருந்து பாடும் எளிய கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

செலவு செய்யும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நல்ல ஹெட்ஃபோன். அடுத்து நல்ல பிரதிகள். போனில் துளை இல்லாவிட்டால் ஒரு டாங்கிள். இவை மூன்றும் கையில் வந்த பிறகு, ஒரு வாரம் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுப் பாட்டு கேட்டுப் பாருங்கள். அந்த வாரம் உங்களுக்குப் பிடித்துப்போய், ஆனால் அலுவலகமும் வீடும் போனை அணைத்து வைக்க விடவில்லை என்றால், பிளேயர் உங்களுக்குத் தேவை, தயங்காமல் வாங்குங்கள். போன் எப்போதும்போல் இருந்தும் பாட்டு கெடவில்லை என்றால், கையிலிருக்கும் போனே போதும். அந்தப் பணத்தில் அடுத்த மார்கழியில் இரண்டு கச்சேரிகளுக்கு நேரிலேயே டிக்கெட் எடுங்கள்.